மூடிய உறையில் வைரத்தூளும் உலோகத்தூளும்

வைரத்தூளையும் உலோகத்தூளையும் கலந்து எஃகு உறைக்குள் கொட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, உறையைப் பற்றவைத்து மூடி, பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்துக் கெட்டியான ஒரே கட்டியாக ஆக்கும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது. இப்படித் தூளைச் சூட்டால் கட்டியாக்குவதைச் சிண்டரிங் என்பார்கள். சிண்டரிங் என்றதும் எல்லோருக்கும் அடுப்பும் வெப்பநிலையும்தான் நினைவுக்கு வரும். இந்த முறையில் அடுப்பு வேலை கடைசியில் வருகிறது. அதுவும் பெரும்பாலும் எந்திரமே பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டி நன்றாக வருமா, வைரம் பிழைக்குமா என்பதெல்லாம் உறை மூடப்படும் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இங்கே தூளைப் பற்றியும் பம்பைப் பற்றியும் நீட்டி எழுதியிருக்கிறேன். அடுப்பைப் பற்றி அளவாகச் சொல்கிறேன்.

எப்போது இந்த முறை தேவை

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் சுழலும் அறுப்புத் தட்டுகளின் விளிம்பில் ஒட்டியிருக்கும் செக்மென்ட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை கிராஃபைட் மோல்டில் சூடாக்கி அழுத்தியவை. 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடு, 25 முதல் 35 மெகாபாஸ்கல் அழுத்தம், அந்த உச்ச வெப்பத்தில் இரண்டு மூன்று நிமிடம். அவ்வளவுதான் வேலை. கிராஃபைட் மோல்டே மெல்ல எரிந்து கார்பன் மோனாக்சைடைத் தந்து காற்றிலிருந்து தூளைக் காக்கிறது. சாதாரண செக்மென்ட்டுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அதை விட்டுவிட்டு உறை முறைக்கு மாறுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உறை முறைக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. கனமான வளையம், நீளமான குழாய் போன்றவற்றை ஒரு திசையில் மட்டும் அழுத்தினால் நடுப்பகுதி இளகலாகவே நின்றுவிடும். உறைக்குள் இட்டு எல்லாப் பக்கமும் வாயுவால் அழுத்தும்போது அந்தச் சிக்கல் இல்லை. டைட்டேனியம், குரோமியம் போல ஆக்சிஜனைக் கண்டால் விடாத உலோகங்களைச் சேர்க்கும் பாண்டுகளுக்கும், அதாவது வைரத்தைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் கலவைகளுக்கும், இதுவே சரி. மின்னணுச் சாதனங்களின் சூட்டைக் கடத்தும் செம்பு–வைரத் தகடுகளுக்கும் இது ஏற்ற முறை. சுத்தமான செம்பு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 400 வாட் அளவில் சூட்டைக் கடத்தும். நல்ல வைரம் 2000 வரை போகும். இரண்டும் சேர்ந்த தகடு எவ்வளவு கடத்தும் என்பதை, செம்பும் வைரமும் தொடும் இடத்தின் தூய்மைதான் தீர்மானிக்கிறது.

எல்லாப் பக்கமும் வாயு அழுத்தம் கொடுக்கும் எந்திரத்தை ஹிப் என்பார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள பட்டெல் ஆய்வகத்தில், அணு எரிபொருளுக்கு மேலுறை ஒட்டும் வேலைக்காக 1955-இல் உருவான முறை இது. கனத்த எஃகுக் கலத்துக்குள் ஓர் அடுப்பு இருக்கும். அதில் ஆர்கான் வாயுவை 100 மெகாபாஸ்கல் அளவுக்கு, அதாவது ஆயிரம் பார் வரை ஏற்றுவார்கள். சொந்தமாக வாங்கிவைக்கும் எந்திரம் அல்ல. உறையைத் தயாரித்து, மூடி, கூலிக்கு ஓட்டித் தருபவரிடம் கொடுப்பதே சிறு பட்டறைக்கு ஏற்ற வழி. அப்படிக் கொடுக்கும்போது உங்கள் உறை ஒழுகினால் அந்த ஓட்டத்தின் பணம் முழுக்க வீண். உறை உள்ளே வெடித்தால் அவருடைய அடுப்பும் பாழ்.

உள்ளே மிஞ்சும் ஆக்சிஜன்

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். உறைக்குள் இருக்கும் காற்றைவிட, தூளின் மேல் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்தான் வைரத்துக்குப் பெரிய எதிரி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உள்விட்டம் 50 மி.மீ., உள்நீளம் 60 மி.மீ. உள்ள ஓர் உறையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 118 கன செ.மீ. தட்டித் தட்டி நிரப்பினாலும் தூள் அதில் 62 சதவீத இடத்தைத்தான் பிடிக்கும். மீதி 45 கன செ.மீ. காலி இடம். அதில் முழுக்கக் காற்றே இருந்தாலும் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனின் எடை 0.013 கிராமுக்குள் அடங்கிவிடும்.

இப்போது தூளைப் பாருங்கள். உலோகத்தூள் கோபால்ட் என்றால் இந்த உறைக்குள் சுமார் 600 கிராம் போகும். ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள நுண்ணிய கோபால்ட் தூளின் மேற்பரப்பு மிகப் பெரிது. அதில் 0.5 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதாக வைத்துக்கொண்டால் 3 கிராம் ஆகிறது. காற்றில் இருந்ததைப் போல இருநூறு மடங்குக்கும் மேல். திறந்த அடுப்பில் ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்தால் அது இந்த ஆக்சிஜனை நீராவியாக்கி வெளியே கொண்டுபோய்விடும். மூடிய உறையில் வெளியே போக வழி இல்லை. உள்ளே ஆக்சிஜனைப் பிடிக்கக்கூடிய பொருள் கார்பன் மட்டுமே. அந்தக் கார்பன்தான் உங்கள் வைரம்.

3 கிராம் ஆக்சிஜன் முழுவதும் கார்பன் மோனாக்சைடாக மாறினால் 2.25 கிராம் கார்பன் கரையும். அதே உறையில் நீங்கள் போட்டிருக்கும் வைரம் 19 கிராம் அளவுதான். எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வைரமே போய்விடுகிறது. உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் அப்படி மாறுவதில்லை. பாதி மாறினாலும் நட்டம் கொஞ்சமல்ல. அதுவும் வைரத்தின் விளிம்பும் மூலையும்தான் முதலில் கரையும். கல்லை வெட்டுவது அந்த விளிம்பும் மூலையும்தான். கூடவே உண்டாகும் வாயு, நுண்துளைகளுக்குள் சிக்கி அவற்றை மூடவிடாமல் தடுக்கும்.

இதற்கு மருந்து, உலோகத் தூளை வைரத்தோடு கலக்கும் முன்பே ஹைட்ரஜனில் சுத்தம் செய்வது. கோபால்ட் தூளைத் தட்டையான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஹைட்ரஜன் ஓடும் குழாய் அடுப்பில் 400 முதல் 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் ஆக்சைடு நீராவியாகப் போய்விடும். தூள் லேசாகக் கட்டிபிடிக்கும். விரலால் நொறுக்கும் அளவுதான். உரலில் இட்டு அரைக்க வேண்டாம், சல்லடையில் தேய்த்தாலே உதிரும். இந்தத் தூளைச் சூடாக வெளியே எடுக்கவே கூடாது. புதிதாகச் சுத்தமான நுண்ணிய கோபால்ட், காற்று பட்டதும் தானாகத் தீப்பற்றும். அடுப்பு முழுக்க ஆறிய பிறகு ஹைட்ரஜனை ஆர்கானால் தள்ளிவிட்டு, பிறகு மெல்ல மெல்லக் காற்றை விட்டுத்தான் திறக்க வேண்டும். வெளியேறும் ஹைட்ரஜனைக் கூரைக்கு அடியில் தேங்கவிடாமல் வெளியே கொண்டுபோக வழி செய்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் வசதி இல்லாதவர்கள், ஆக்சிஜன் அளவைச் சான்றிதழில் எழுதித் தரும் தூளை வாங்கி, டப்பாவைத் திறந்த அன்றே பயன்படுத்துவதுதான் அடுத்த நல்ல வழி. பாதி தீர்ந்த டப்பாவை மழைக்காலம் முழுக்க அலமாரியில் வைத்திருந்து எடுத்தால் அந்தச் சான்றிதழ் எதற்கும் உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. டைட்டேனியம் பூசிய வைரம் வாங்கியிருந்தால் அதை ஹைட்ரஜனுக்குள் அனுப்பாதீர்கள். டைட்டேனியம் ஹைட்ரஜனை விழுங்கி ஹைட்ரைடாகி, பூச்சு உரிந்துவிடும். உலோகத்தூளை மட்டும் தனியாகச் சுத்தம் செய்து, வைரத்தைப் பின்னால் கலக்குங்கள்.

எந்த உலோகம்

வைரத்தைப் பிடித்துக்கொள்ளும் உலோகங்கள் இரண்டு குணத்தில் பிரிகின்றன. இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை கார்பனைக் கரைக்கும். கரைப்பதால் வைரத்தை இறுகப் பற்றும். அதே காரணத்தால் சூடு கூடினால் அதைத் தின்னவும் செய்யும். வைரம் தனியாக, காற்றில்லாத இடத்தில் இருந்தால் 1400 டிகிரியைக்கூடத் தாங்கும். இந்த உலோகங்கள் ஒட்டியிருந்தால் ஆயிரத்துக்குக் கீழேயே மேற்பரப்பில் கிராஃபைட் படலம் தெரியத் தொடங்கும். மூன்றிலும் இரும்புதான் பசி அதிகமானது. விலை குறைவு என்பதற்காக இரும்பைக் கூட்டுபவர்கள் வெப்பநிலையைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும்.

செம்பு இதற்கு நேர் எதிர். கார்பனைக் கரைப்பதில்லை, ஆகவே வைரத்தைக் கெடுப்பதும் இல்லை, அதோடு ஒட்டுவதும் இல்லை. உருகிய செம்பு வைரத்தின் மேல் நனையாமல் உருண்டு நிற்கும். ஒட்டவைக்க வேண்டுமானால் குரோமியம், டைட்டேனியம், சிர்கோனியம், போரான் ஆகியவற்றில் ஒன்றைக் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அவை வைரத்தின் மேல் மெல்லிய கார்பைடு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலத்தில் செம்பு ஒட்டும். கொஞ்சமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். படலம் தடித்தால் சூடு கடத்தும் திறன் விழுந்துவிடும்.

கடையில் கிடைக்கும் கலவைகளில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது வெள்ளீயம். செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் தனித்தனியாக வாங்கிக் கலந்தால், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பம்ப் வைத்து 400 டிகிரியில் வாயு நீக்கும்போதே அது உருகி, தூளைக் கட்டிகட்டியாக்கி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும். ஏற்கெனவே வெண்கலமாக உருக்கித் தூளாக்கியதையே வாங்குங்கள். வெள்ளீயம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெண்கலத்திலும் 800 டிகிரியை நெருங்கும்போது திரவம் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டாவது துத்தநாகம். பித்தளைத் தூளை உறை முறையில் பயன்படுத்தவே வேண்டாம். வெற்றிடத்தில் துத்தநாகம் 400 டிகிரியிலேயே ஆவியாகி, குழாயிலும் பம்ப் எண்ணெயிலும் போய்ப் படியும்.

உறையும் அதன் மூடியும்

மைல்டு ஸ்டீல் குழாய் போதும். 304 வகை ஸ்டெயின்லெஸ்ஸும் நல்லது. பற்றவைக்க எளிது, துருப்பிடிக்காது. சுவர் 2 மி.மீ. தடிமன் இருக்கட்டும். அதைவிடத் தடித்தால் உறை மடங்காமல் அடம்பிடிக்கும், 1 மி.மீ. என்றால் வெல்டிங் செய்யும்போது ஓட்டை விழும். குழாயின் உட்புறத்தைக் கடைந்து, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, காலி உறையையே ஒருமுறை வெற்றிடத்திலோ ஹைட்ரஜனிலோ சூடாக்கி எடுத்துவிட்டால் உறையிலிருந்து வரும் அழுக்கு பாதி தீர்ந்துவிடும்.

எஃகும் கார்பனைத் தின்னும் என்பதால் உறைச் சுவரை ஒட்டிய வைரம் கெடும். உட்புறம் மாலிப்டினம் தகட்டைச் சுருட்டி வைப்பது வழக்கம். விலை அதிகம் என்று தோன்றினால், கலவையைச் சுற்றி 2 மி.மீ. அளவுக்கு வைரமில்லாத உலோகத்தூளை மட்டும் நிரப்பி, பின்னால் அந்தப் பகுதியைக் கடைந்து எடுத்துவிடலாம். கையில் கடைசல் எந்திரம் இருப்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் வைரமே இல்லாத அந்தத் தோலைச் சாதாரணக் கார்பைடு டூல் வெட்டும். வைரம் கலந்த இடத்தை எந்த டூலும் வெட்டாது.

மூடியை உறையின் வாய்க்குள் இறங்கி உட்காரும்படி செய்யுங்கள். தட்டையாக மேலே வைத்துச் சுற்றிப் பற்றவைத்தால், உறை சுருங்கும்போது வெல்டிங் நேரடியாகக் கிழிபடும். மேல்மூடியின் நடுவில் 10 மி.மீ. வெளிவிட்டம் உள்ள, 20 செ.மீ. நீள எஃகுக் குழாயைப் பொருத்துங்கள். தூளும் அதன் வழியேதான் உள்ளே போகும், காற்றும் அதன் வழியேதான் வெளியே வரும். டிக் வெல்டிங்தான் வேண்டும். கம்பி வைத்து மின்பற்றவைப்பு செய்தால் கசடு சிக்கி, கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை நிற்கும். எல்லா வெல்டிங்கையும் காலி உறையிலேயே முடித்து, தூளைப் போடும் முன் ஒழுக்குச் சோதனை செய்துவிடுங்கள்.

ஹீலியம் லீக் டிடெக்டர் இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாதவர்களுக்கு வெற்றிடத் தாங்கல் சோதனை உண்டு. உறையைப் பம்பில் மாட்டி 0.01 மில்லிபார் வரை இறக்கி, வால்வை மூடி, கேஜைப் பார்த்துக்கொண்டிருங்கள். முள் மெல்ல ஏறும். பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். ஏற்றம் வரவரக் குறைந்து ஓரிடத்தில் சமமானால் உட்சுவரில் ஒட்டிய ஈரம் வெளிவந்திருக்கிறது என்று பொருள். ஒரே சீராக, நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கணக்கும் கலவையும்

வைரத்தின் அளவைச் செறிவு எண்ணில் சொல்வது தொழில் வழக்கம். செறிவு 100 என்றால் ஒரு கன செ.மீ.க்கு 4.4 காரட், அதாவது 0.88 கிராம், கொள்ளளவில் 25 சதவீதம். நமது உறையில் 62 சதவீதம் தூள் என்றால், கெட்டியான பின் 73 கன செ.மீ. நிற்கும். செறிவு 30 வேண்டுமானால் அதில் 7.5 சதவீதம் வைரம். 5.5 கன செ.மீ., 3.52 அடர்த்தியால் பெருக்கினால் 19.3 கிராம், 96 காரட். மீதி 67.5 கன செ.மீ. கோபால்ட், 600 கிராம். முழுவதும் கெட்டியானால் கட்டியின் அடர்த்தி 8.50 வர வேண்டும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருக்கத்தையும் இதிலிருந்தே கணக்கிடலாம். 0.62-இன் கன மூலம் 0.85. எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கினால் நீளமும் விட்டமும் 15 சதவீதம் குறையும். 50 மி.மீ. விட்டம் 42.6 ஆகும். ஆனால் சமமாகச் சுருங்காது. மூடிகள் இருக்கும் இரு முனைகளும் முறுக்காக நிற்பதால் நடுப்பகுதி மட்டும் ஒடுங்கி, உறை உடுக்கை போல வெளிவரும். தேவையான நீளத்துக்கு மேல் இரண்டு பக்கமும் குறைந்தது 8 மி.மீ. கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள்.

கலப்பதில் ஒரே சிக்கல் பிரிந்துவிடுவது. 300 முதல் 425 மைக்ரான் அளவுள்ள வைரம், அதாவது 40/50 மெஷ், கோபால்ட்டைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது. அடர்த்தியோ பாதிக்கும் குறைவு. குலுக்கினால் வைரம் மேலே வந்துவிடும். வைரத்தின் மேல் மட்டும் சில துளி ஐசோபிரப்பைல் ஆல்கஹாலில் கரைத்த பாலிஎதிலின் கிளைக்காலைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே உலோகத்தூளின் ஒரு பகுதியை மேலே தூவிப் புரட்டினால் ஒவ்வொரு வைரமும் ஒரு சட்டை போட்டுக்கொள்ளும். அதன் பிறகு மீதித் தூளோடு முப்பரிமாண அசைவு தரும் மிக்சரில் அரை மணி நேரம் சுழற்றுங்கள். லென்ஸில் பார்த்தால் வெளிர்மஞ்சள் வைரத்தின் பளபளப்பு எங்கும் தெரியக் கூடாது. சாம்பல் நிற உருண்டைகள் மட்டுமே தெரிய வேண்டும். பிசின் அரை சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நாம் போடும் ஒவ்வொரு துளியையும் பின்னால் பம்பே எடுக்க வேண்டும்.

கோபால்ட் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கும். துணி முகமூடி இதற்குப் போதாது. தூசி வடிகட்டும் தரச்சான்று பெற்ற முகமூடியும் கையுறையும் அணிந்து, உறிஞ்சு விசிறி உள்ள பெட்டிக்குள்தான் கொட்டுவதும் நிரப்புவதும் நடக்க வேண்டும். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய் வழியே விட்டு, ஒவ்வொரு முறையும் உறையின் பக்கத்தில் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மேலே ஸ்டெயின்லெஸ் வலையை உருட்டி அடைப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் பம்ப் தூளையும் சேர்த்து உறிஞ்சும்.

வாயு நீக்கி மூடுதல்

உறையைச் சிறு அடுப்பில் நிறுத்தி, குழாயைப் பம்போடு இணைத்து, மணிக்கு 100 டிகிரிக்கு மேல் போகாமல் சூட்டை ஏற்றுங்கள். 100 முதல் 150 டிகிரி வரை கேஜ் திடீரென ஏறும், அது ஈரம். 250-க்கு மேல் இன்னொரு ஏற்றம் வரும். அது பிசின் சிதைவது. ஒவ்வோர் ஏற்றத்தின்போதும் சூட்டை அங்கேயே நிறுத்தி, கேஜ் இறங்கிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். 400 டிகிரியில் நிறுத்தி, 0.01 மில்லிபாருக்குக் கீழே இறங்கும் வரை காத்திருங்கள். ரோட்டரி பம்ப் மட்டும் இருப்பவர்களுக்கு இதுவே எல்லை. டர்போ பம்ப் இருந்தால் இன்னும் நூறு மடங்கு கீழே போகலாம்.

கேஜ் காட்டும் எண் பம்ப் பக்கத்து எண் என்பதை மறக்கக் கூடாது. ஒல்லியான குழாய்க்கும் அடைப்பு வலைக்கும் அப்பால், தூளின் அடியில் அழுத்தம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே கேஜ் இறங்கியதும் மூடிவிடாமல் அதே சூட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் பம்பை ஓடவிடுங்கள்.

இங்கே அவசரப்பட்டால் என்ன ஆகும்? உள்ளே ஒரு கிராம் ஈரம் மிஞ்சியதாக வைத்துக்கொள்வோம். 45 கன செ.மீ. இடத்தில் அது 850 டிகிரியில் ஏறத்தாழ 115 பார் அழுத்தம் தரும். அந்தச் சூட்டில் 2 மி.மீ. எஃகுச் சுவர் அதைத் தாங்காது. ஹிப் எந்திரத்தில் வெளியழுத்தம் அதைவிடக் கூடுதல் என்பதால் அடங்கி நிற்கலாம். சாதாரண அடுப்பில் வைத்தால் உறை வெடிக்கும். மூடிய உறையை வெளியழுத்தம் இல்லாத அடுப்பில் சோதனைக்காகக்கூடச் சூடாக்காதீர்கள்.

மூடும் விதம் இது. பம்ப் ஓடிக்கொண்டிருக்க, குழாயை உறையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் 25 மி.மீ. நீளத்துக்கு நசுக்குங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு நசுக்கல். இரண்டாவது நசுக்கலின் மேல் கிளாம்ப் இறுக்கமாக இருக்கும்போதே, அதற்கு அப்பால் குழாயை வெட்டி, வெட்டிய வாயை டிக்கில் உருக்கி மூடுங்கள். அது நன்றாக ஆறிய பிறகே கிளாம்பைக் கழற்ற வேண்டும். பிறகு குழாயை உறையின் தலைப்பக்கம் மடக்கி, மேலே ஒரு சிறு எஃகு வளையம் பற்றவைத்துக் காப்புக் கொடுத்தால், வண்டியில் போகும்போது அடிபட்டு முறியாது.

சூடும் அழுத்தமும்

கோபால்ட் பாண்டுக்கு 850 டிகிரி, 100 மெகாபாஸ்கல், ஒரு மணி நேரம். இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மோல்டில் மூன்று நிமிடத்தில் முடியும் வேலைக்கு இங்கே ஒரு மணி நேரம் என்பதால், மோல்டில் நீங்கள் பழகிய வெப்பநிலையைவிட 30 முதல் 50 டிகிரி குறைப்பது வைரத்துக்கு நல்லது. செயற்கை வைரத்துக்குள் அது விளைந்தபோது சிக்கிய உலோகத் துணுக்குகள் உண்டு. 900 டிகிரியைத் தாண்டினால் அந்தத் துணுக்குகள் விரிந்து வைரத்தை உள்ளிருந்தே விரிசலிடும். விலை மலிந்த வைரத்தில் இந்தத் துணுக்குகள் அதிகம். எஃகு உறைக்குச் சூட்டையும் அழுத்தத்தையும் சேர்ந்தே ஏற்றலாம். கண்ணாடி உறை பயன்படுத்துவோர் மட்டும் கண்ணாடி இளகும் வரை அழுத்தம் தரக் கூடாது.

ஆறவிடும்போதும் ஒரு நன்மை நடக்கிறது. வைரம் விரிவது மிகக் குறைவு. கோபால்ட் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விரியும். குளிரும்போது உலோகம் சுருங்கி வைரத்தைக் கவ்வுகிறது. நிதானமாக, அழுத்தம் இருக்கும்போதே ஆறவிட்டால் அந்தப் பிடி விரிசலில்லாமல் நிற்கும்.

எண்ணெய்க் கிணறு துளைக்கும் கருவிகளில் வரும் பாலிகிரிஸ்டலின் வைர வில்லைகளும் மூடிய உறையில்தான் பிறக்கின்றன. அந்த உலகம் வேறு. அங்கே நயோபியம் அல்லது டான்டலம் கிண்ணம், அதற்குள் நுண்வைரத் தூள், அடியில் டங்ஸ்டன் கார்பைடு–கோபால்ட் வட்டு. 5 முதல் 6 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் 1400 டிகிரிக்கு மேல் வட்டிலிருந்து கோபால்ட் உருகி மேலேறி, வைரத்தையும் வைரத்தையும் நேரடியாகப் பிணைக்கிறது. அந்த அழுத்தத்தில் வைரம்தான் கார்பனின் நிலையான வடிவம் என்பதால் கிராஃபைட்டாகும் பயம் இல்லை. நம் ஆயிரம் பார் அதற்கு ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நம் உறையில் வைரம் எப்போதும் கிராஃபைட்டாகக் காத்திருக்கும் பொருள்தான். அவர்களுடைய வெப்பநிலையைப் பார்த்துவிட்டு உங்கள் அடுப்பை ஏற்றிவிடாதீர்கள்.

திறந்து பார்த்தல்

திரும்பி வந்த உறையை முதலில் வெர்னியரால் அளந்து பாருங்கள். சுருங்கியிருந்தால் நல்லது. சுருங்கவே இல்லையென்றால் ஒழுகியிருக்கிறது. மிகமிகச் சிறிய ஓட்டை வழியே உயர் அழுத்த ஆர்கான் உள்ளே புகுந்து அங்கேயே சிக்கியிருக்கலாம். அப்படிப்பட்ட உறையைச் சூடாக்கவோ நேராக ரம்பத்தில் வைக்கவோ கூடாது. கனத்த தகட்டு மறைப்புக்குப் பின்னால் வைத்து, முனையில் 2 மி.மீ. துளை போட்டு வாயுவை விட்ட பிறகே தொட வேண்டும். நல்ல உறையின் எஃகைக் கடைந்து எடுக்கலாம், அல்லது மின்பொறி வெட்டும் எந்திரத்தில் கம்பியால் பிளக்கலாம். வைரம் மின்சாரம் கடத்தாது என்பதால் கம்பி மெதுவாகத்தான் போகும். செறிவு குறைந்த கட்டியில் போய்விடும்.

ஒரு துண்டைத் தண்ணீரில் தொங்கவிட்டு எடைபார்த்து அடர்த்தி காணுங்கள். 8.50-க்கு 8.33 வந்தால் 98 சதவீதம். அதற்குக் கீழே வந்தால் சூட்டைக் கூட்டும் முன், வாயு நீக்கிய குறிப்பைத் திரும்பப் பாருங்கள். இன்னொரு துண்டை உடைத்து 40 மடங்கு லென்ஸில் முறிவைப் பாருங்கள். வைரமே குறுக்கே பிளந்திருந்தால் பாண்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. வழுவழுப்பான குழியை விட்டுவிட்டு வைரம் கழன்று விழுந்திருந்தால் பிடிப்பு இல்லை. குழியின் அடியில் கறுப்பாகப் பொடி தெரிந்தால் அது கிராஃபைட்.

கடைசிச் சோதனை, எடையிட்ட 10 கிராம் துண்டை உறிஞ்சு விசிறி உள்ள ஆய்வகப் பெட்டிக்குள் நைட்ரிக் அமிலத்தில் கரைப்பது. பழுப்பு நிறப் புகை வரும். அதை மூச்சில் இழுக்கவே கூடாது. கோபால்ட் கரைந்து நீர் சிவக்கும், வைரம் அடியில் தங்கும். அதைக் கழுவி, கறுப்புப் படலம் இருந்தால் அதையும் நீக்கி, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். செறிவு 30-க்கு 10 கிராம் துண்டில் 0.31 கிராம் வைரம் இருக்க வேண்டும். 0.30-க்கு மேல் கிடைத்தால் உங்கள் தூளும் பம்பும் சரி. 0.28-க்குக் கீழே போனால், துண்டு எடுத்த இடத்தில் கலவை பிரிந்திருந்ததா என்று வேறொரு மூலையிலிருந்து இன்னொரு துண்டையும் கரைத்துப் பாருங்கள். அதிலும் அதே எடைதான் என்றால், அடுத்த உறைக்கு முன் கோபால்ட்டை மறுபடி ஹைட்ரஜனுக்கு அனுப்புங்கள்.